குல்மார்க் அபர்வத் மேல இருந்து ஸ்கீ இறங்கணுமா: நல்லா ஸ்கீ பண்றவங்களுக்கு முழு வழிகாட்டி, எதுக்கு அப்புறம் எது

இது ஸ்கீ புதுசா கத்துக்கறவங்களுக்கு இல்ல. ஐரோப்பாவுலயோ ஜப்பான்லயோ பிளாக் ரன் (ரொம்பச் செங்குத்தான, கஷ்டமான ரன்) எல்லாம் தயங்காம இறங்கிட்டு, இப்ப காஷ்மீர்ல பெரிய மலை ஒண்ணுல இறங்கிப் பாக்கணும்னு நினைக்கறவங்களுக்கு.

குல்மார்க் ஊரே 2,650 மீட்டர் உயரத்துல இருக்கு. கோண்டோலா, அதாவது கம்பில தொங்கிப் போற கேபின், ரெண்டு கட்டம். முதல் கட்டம் கோங்டூரி வரைக்கும், ரெண்டாவது கட்டம் அபர்வத் மலையோட தோள்ல, சுமார் 3,950 மீட்டர்ல கொண்டு போய் விடும். அங்க இருந்து திரும்ப ஊருக்கே 1,300 மீட்டர் இறக்கம். கோண்டோலாவுக்கு அடியில இருக்கற பவுல்ல (கிண்ணம் மாதிரி குழிஞ்ச சரிவு) மட்டும்தான் பேட்ரோல் (பாதுகாப்புக் குழு) இருக்கு, வெடி வச்சு பனிய கீழ இறக்கி விடற வேலையும் அங்கதான் நடக்கும். அந்த எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்கறது எல்லாம் நீங்களும் மலையும்தான்.

வருஷா வருஷம் நான் பாக்கறது என்னன்னா, ஸ்கீ தெரியாம இங்க மாட்டிக்கறவங்க கம்மி, நல்லா ஸ்கீ பண்றவங்க வரிசைய மாத்திப் பண்ணி மாட்டிக்கறதுதான் அதிகம். அதனால கீழ இருக்கற நம்பரை அதே வரிசையில பண்ணுங்க.

1. வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி: உங்க ஸ்கீயிங்க சரியா அளந்துக்கோங்க

ரோலர் போட்டு சமன் பண்ண ரன்ல வேகமா வர்றது இங்க கணக்குல வராது. காலைல முழங்கால் ஆழம் பவுடர் (இறுகாத புதுப் பனி), மதியம் காத்து அடிச்சு இறுகின பலகை மாதிரி பனி, கீழ காட்டுக்குள்ள வெயில்ல உருகித் திரும்ப உறைஞ்ச மேல்தோல், இது மூணும் ஒரே ரன்ல வரும்.

எட்டு கிலோ பையோட, 35 டிகிரி சரிவுல, நினைச்ச இடத்துல நிக்க முடியணும். சைட்ஸ்லிப் (பக்கவாட்டா சறுக்கி இறங்கறது), கிக் டர்ன் (நின்ன இடத்துலயே ஒவ்வொரு காலா தூக்கித் திரும்பறது) ரெண்டும் யோசிக்காம வரணும். இதுல நிக்கறதுதான் முக்கியம், ஏன்னா பனிச்சரிவு பகுதியில பாதுகாப்பா இருக்கற இடம் சில சமயம் ஒரு பாறைத் திட்டு அளவுதான், அதைத் தாண்டி அம்பது மீட்டர் போய் நின்னீங்கன்னா அந்த இடத்துக்கு அர்த்தமே இல்லாம போயிடும்.

அப்புறம் ரெண்டு மூணு நாள் பனிச்சரிவு கோர்ஸ் ஒண்ணு முடிச்சிருக்கணும், லெவல் 1ன்னு சொல்வாங்க. குல்மார்க்லயே சீசன்ல நடக்கும், ஆனா அங்க வந்து முதல் தடவையா கத்துக்கப் போறீங்கன்னா பயணத்துல அதுக்குன்னே தனியா நாள் ஒதுக்குங்க, ஸ்கீ பண்ற நாள்ல இருந்து திருடாதீங்க.

2. எந்த வாரம் வரணும்

டிசம்பர் 21ல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் இருக்கற நாப்பது நாள காஷ்மீர்ல சில்லை கலான்னு சொல்வாங்க, கடுங்குளிர் காலம். அதுக்கு அப்புறம் இருபது நாள் சில்லை குர்த். என் அனுபவத்துல ஜனவரி கடைசில இருந்து பிப்ரவரி மூணாவது வாரம் வரைக்கும் தான் நல்ல காலம், ஏன்னா அப்பதான் அடியில போதுமான பனி சேர்ந்திருக்கும், பாறை மூடியிருக்கும்.

ஆனா கேரண்டி கிடையாது. 2024 ஜனவரில ஊரே காஞ்சு பழுப்பா கிடந்தது, மாசக் கடைசிலதான் பனி வந்தது. இங்க பனி எல்லாம் மேற்குல இருந்து வர்ற புயல்ல மொத்தமா வரும், ரெண்டு புயலுக்கு நடுவுல பத்து நாள் கூட ஒண்ணும் இல்லாம இருக்கும். புயல் வந்தா ரெண்டாவது கட்டம் மூடிடுவாங்க, நின்ன அப்புறமும் பேட்ரோல் வேலை முடியாம திறக்க மாட்டாங்க.

அதனால நாலு நாள் லீவ்ல வராதீங்க. குறைஞ்சது எட்டு நாள், பத்து நாள்னா நிம்மதி. நாலு நாள்ல வர்றவங்களுக்கு மேல திறக்கறது ஒரே ஒரு நாளா இருக்கும், அந்த ஒரு நாளை விடக் கூடாதுன்னு மனசு அடிச்சுக்கும், அந்த அவசரத்துலதான் தப்பான முடிவு எடுப்பாங்க.

3. சாமான்: எது உங்களோடது, எது வாடகைக்கு

ஸ்கீ வாடகைக்கு எடுத்துக்கலாம், இடுப்பு அகலம் 105 மில்லிமீட்டருக்கு மேல பாருங்க. பூட் மட்டும் உங்களோடது கொண்டு வாங்க. வாடகை பூட்ல ஆயிரத்து முன்னூறு மீட்டர் இறங்கறது கால் விரல் நகத்துக்கு நல்லதில்ல, அதோட கால் ஆடுற பூட்ல கெட்டியான பனில ஸ்கீயோட எட்ஜ் (ஓரம்) பிடிக்காது.

பீக்கன் (புதைஞ்சவரை சிக்னல் வச்சுக் கண்டுபிடிக்கற கருவி), புரோப் (பனிக்குள்ள குத்திப் பாக்கற நீளக் கம்பி), ஷவல் (பனி தோண்டற மண்வாரி) மூணும் சொந்தமா வாங்கிடுங்க. மூணு ஆன்டெனா இருக்கற டிஜிட்டல் பீக்கன், 240 சென்டிமீட்டராவது இருக்கற புரோப், உலோக ஷவல். பிளாஸ்டிக் ஷவல் வேண்டாம், ஓடி நின்ன பனிச்சரிவு சிமென்ட் மாதிரி இறுகிடும், பிளாஸ்டிக் முதல் குத்துலயே வளையும். பேட்டரி மேனுவல்ல எது சொல்லியிருக்கோ அது மட்டும், ரீசார்ஜ் பேட்டரி போட்டா பீக்கன் காட்டுற சதவீதத்த நம்ப முடியாது.

ஏர்பேக் பை (பனிச்சரிவுல மாட்டினா ஊதி மேல மிதக்க வைக்கற பை) கேஸ் சிலிண்டர் வகைன்னா, ஏர்லைன்ல முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கி பிரிண்ட் எடுத்து கையில வச்சுக்கோங்க, செக்யூரிட்டில இருக்கறவருக்கு அது என்னன்னே தெரிய வாய்ப்பில்ல. எலக்ட்ரிக் ஃபேன் வகைன்னா தலைவலி குறைவு.

ரெண்டு விஷயம் வெளிநாட்டுல இருந்து வர்ற நம்ம ஆளுங்க மறந்துடறாங்க. ஒண்ணு, சாட்டிலைட் போனும், மெசேஜ் அனுப்புற சாட்டிலைட் கருவியும் இந்தியாவுல அனுமதி இல்லாம வச்சிருக்கறது சட்டப்படி குத்தம், ஏர்போர்ட்லயே பிடிப்பாங்க, வீட்லயே வச்சுட்டு வாங்க. இன்னொன்னு, வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது. சென்னைல இருந்து வர்றீங்கன்னா போஸ்ட்பெய்டா மாத்திட்டுக் கிளம்புங்க, மாத்த ரெண்டு மூணு நாள் ஆகலாம், முன்னாடியே பண்ணுங்க.

இன்சூரன்ஸ் பத்தி ஒரே வரி: பாலிசில "ஆஃப்-பீஸ்ட்" (குறிச்ச ரன்னுக்கு வெளிய ஸ்கீ பண்றது), உயர வரம்பு, ஹெலிகாப்டர் மீட்பு இந்த மூணு இடத்தையும் நீங்களே படிங்க, ஏஜென்ட் வாயால சொன்னத நம்பாதீங்க.

4. வந்து சேர்ந்ததும் ரெண்டு நாள் மேல போகாதீங்க

ஸ்ரீநகர்ல இருந்து டாக்ஸி டங்மார்க் வரைக்கும் வரும். பனி இருந்தா அங்க இருந்து கடைசி 13 கிலோமீட்டருக்கு டயர்ல சங்கிலி போட்ட ஜீப்தான். இருட்டறதுக்கு முன்னாடி டங்மார்க் தாண்டற மாதிரி ஃபிளைட் புக் பண்ணுங்க.

கடல் மட்டத்துல இருந்து ஒரே நாள்ல 2,650 மீட்டருக்கு வந்திருக்கீங்க. கோண்டோலா உச்சியில காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல 60 சதவீதம் சொச்சம்தான், மூச்சுக்கு கிடைக்கற ஆக்ஸிஜனும் அவ்வளவுதான். தலைவலி வந்து உக்காந்துட்டா பரவால்ல, கீழ இறங்கினா சரியாயிடும். ஆனா தலைவலி வர்றதுக்கு முன்னாடியே யோசனை மந்தமாகும், அது உங்களுக்கே தெரியாது, அந்த மந்தத்தோடதான் எந்த சரிவுல இறங்கலாம்னு முடிவு பண்ணுவீங்க.

அதனால முதல் நாள் ஊர்ல நடந்து பூட் சரி பாருங்க. ரெண்டாவது நாள் முதல் கட்டம் வரைக்கும் மட்டும் போய் கோங்டூரி கீழ காட்டுக்குள்ள ரெண்டு மூணு ரன். தண்ணி நிறைய குடிங்க. உப்பு போட்ட இளஞ்சிவப்பு நூன் சாய் கொடுப்பாங்க, வேண்டாம்னு சொல்லாதீங்க, அந்தக் குளிருக்கு அது நல்லாவே இருக்கும்.

5. கைடு: எப்படித் தேர்வு பண்றது

ஒரே மலைய இருபது முப்பது வருஷம் பாத்த ஆளுங்க இந்த ஊர்ல இருக்காங்க. கோண்டோலா வரிசையில நின்னுக்கிட்டு கைடு தேடாதீங்க, அங்க பேசி முடிக்கறது விலைய மட்டும்தான். முந்தின நாள் சாயங்காலமே உக்காந்து பேசுங்க.

நான் கேக்கற கேள்விங்க: இந்த வாரம் எந்தப் பக்கம் பனி ஓடுச்சு, அடியில எந்த லேயர் மோசமா இருக்கு, உங்ககிட்ட வாக்கி டாக்கி இருக்கா, எத்தன பேர கூட்டிட்டுப் போவீங்க, கடைசியா எப்ப திரும்பி வந்தீங்க. இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். மேல வரைக்கும் போயிட்டு, வேண்டாம்னு லிஃப்ட்லயே திரும்பி வந்த நாள் ஒண்ணு கூட ஞாபகம் இல்லாத கைடோட நான் போக மாட்டேன்.

பதில் எப்படி வருதுன்னு பாருங்க. ஒரு தடவை நான் கேட்டதுக்கு ஒரு பெரியவர் ஒண்ணும் சொல்லாம என்னை வெளிய கூட்டிட்டுப் போனார், ஸ்டிக்க தலைகீழா பிடிச்சு, கைப்பிடி பக்கத்த பனிக்குள்ள மெதுவா இறக்கினார், பாதி வரைக்கும் ஒரே சீரா எதிர்ப்பு, அப்புறம் திடீர்னு வெண்ணெய்ல இறங்கற மாதிரி போச்சு. என் கையையும் மேல வச்சு இன்னொரு தடவை இறக்கினார். "இங்க சக்கரை இருக்கு"ன்னார் இந்தில. தோண்டிக் காட்டினப்ப அந்த லேயர் உண்மையிலயே சக்கரை மாதிரி கையில ஒட்டாம உதிர்ந்துச்சு. அதுக்கு மேல இருந்த அம்பது சென்டிமீட்டர் அழகான பனி எதுமேல உக்காந்திருக்குன்னு அந்த ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது.

6. பீக்கன் பயிற்சி, மேல போறதுக்கு முந்தின நாள்

இத விட்டுடறவங்கதான் அதிகம். பனில முழுசா புதைஞ்சவங்களுக்கு முதல் 10ல இருந்து 15 நிமிஷம்தான் நல்ல வாய்ப்பு, அதுக்கு அப்புறம் வேகமா குறைஞ்சுடும். வெளிய இருந்து மீட்புக் குழு வர்றதுக்குள்ள அந்த நேரம் முடிஞ்சிடும். ஆக உங்களைக் காப்பாத்தப் போறது உங்க கூட வர்றவங்க மட்டும்தான், அவங்களுக்குப் பயிற்சி இருக்கான்னு நீங்க பாத்தாகணும்.

ஹோட்டல் பின்னாடி ஒருத்தர் பீக்கனை பையில சுத்திப் புதைங்க, இன்னொருத்தர் தேடட்டும், ஸ்டாப் வாட்ச் ஓடட்டும். சிக்னல் கிடைக்கற வரைக்கும் ஓட்டம், கிடைச்சதும் அம்புக்குறி வழி, மூணு மீட்டருக்குள்ள வந்ததும் பீக்கனை பனியோட ஒட்டி வச்சு மெதுவா குறுக்கும் நெடுக்குமா. பீக்கன் காட்டுற தூர எண் எங்க ரொம்பக் குறைவோ அங்க இருந்து புரோப், 25 சென்டிமீட்டர் இடைவெளில சுத்திச் சுத்தி, சரிவுக்கு செங்குத்தா. பட்டதும் புரோப்ப எடுக்கக் கூடாது. அதுக்குக் கீழ் பக்கம், ஆழத்துல ஒன்றரை மடங்கு தள்ளி நின்னு உள்ள நோக்கித் தோண்டணும். நேரா மேல நின்னு தோண்டினா கீழ இருக்கறவரோட மூச்சு இடத்த நீங்களே மிதிக்கறீங்க.

ஒரு ஃப்ரெண்டு கூட இத பண்ணப்ப எண் 1.2, 4.0, 0.9ன்னு தாவிக்கிட்டே இருந்துச்சு, ஒன்பது நிமிஷம் ஆச்சு, அவருக்கு வேர்த்தே போச்சு. காரணம், ஜாக்கெட் மார்புப் பாக்கெட்ல பீக்கனுக்கு நேரா போன். போனை எடுத்துப் பைக்குள்ள போட்டதும் மூணு நிமிஷத்துல கண்டுபிடிச்சார். போன், கேமரா, சூடாக்கற கையுறை எல்லாம் சாதாரணமா 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும். இதப் படிச்சா மறந்துடும், ஒரு தடவை கையால பாத்தா மறக்காது.

7. காலைல: ஜன்னல் வழியா பாக்கறதுக்கு முன்னாடி அறிக்கை

குல்மார்க் ஸ்கீ பேட்ரோல் சீசன்ல பனிச்சரிவு அபாய அளவு சொல்லும், 1ல இருந்து 5 வரைக்கும். மாவட்ட அளவுல டிஆர்டிஓவோட (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) பனிச்சரிவு ஆய்வு நிலையமான டிஜிஆர்இ எச்சரிக்கையும் வரும், குல்மார்க் பாரமுல்லா மாவட்டம், அதப் பாருங்க. மாவட்ட அறிக்கை பொதுவானது, நீங்க இறங்கப் போற சரிவுக்கு பேட்ரோல் சொல்றதுதான் கணக்கு.

அறிக்கைய முதல்ல படிக்கணும்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. புயலுக்கு அப்புறம் நீல வானம், தொடாத வெள்ளை, இத முதல்ல பாத்துட்டீங்கன்னா அப்புறம் அறிக்கைய படிக்கறது முடிவுக்கு ஆதாரம் தேடற மாதிரி ஆயிடும்.

3ன்னு போட்டிருந்தா "நடுவுல தானே இருக்கு"ன்னு எடுத்துக்காதீங்க. உலகம் பூரா பனிச்சரிவுல சாகறவங்கள்ல பெரும்பங்கு அளவு 3ன்னு இருக்கற நாள்லதான், ஏன்னா 4ல வெளிய போறவங்க கம்மி. என் வழக்கம்: 3ன்னா எல்லைக்குள்ள பவுல், இல்ல காட்டுல குறைஞ்ச சரிவு. 4ன்னா முதல் கட்டத்தோட சரி, மேல போறதில்ல.

இங்க காத்தையும் சேத்துப் பாருங்க. மேற்குல இருந்து அடிக்கற காத்து ரிட்ஜை (மலை முகட்டை) தாண்டி பனிய அள்ளிட்டு வந்து நாம இறங்கற பக்கம்தான் கொட்டும். புதுசா பனியே விழாத நாள்ல கூட ரெண்டு மணி நேரக் காத்துல மேல் பகுதி மொத்தமா மாறிடும்.

2010 பிப்ரவரி 8ல குல்மார்க்குக்கு மேல இருக்கற கிலன்மார்க்ல பயிற்சில இருந்த 17 ராணுவ வீரர்கள் பனிச்சரிவுல செத்துப் போனாங்க. 2023 பிப்ரவரி 1ல அபர்வத் சரிவுல இருக்கற ஹபத்குட்ல ரெண்டு போலந்து ஸ்கீயர்கள், 2024 பிப்ரவரி 22ல ஒரு ரஷ்ய ஸ்கீயர். மலைல பயிற்சி எடுக்கறதே வேலையா இருக்கறவங்களும் இதுல இருக்காங்கங்கறத மனசுல வச்சுக்கோங்க.

8. முதல் ரன் பவுலுக்குள்ள மட்டும்

ஸ்கீ பாஸ் வேற, டூரிஸ்ட் டிக்கெட் வேற, மாத்தி வாங்கிடாதீங்க. கேபின்ல ஏறறதுக்கு முன்னாடி எல்லாரும் பீக்கன் ஆன், ஒருத்தர் தள்ளி நின்னு ஒவ்வொருத்தரா சிக்னல் வருதான்னு பாத்துக்கணும்.

மேல இறங்கினதும் உடனே ஸ்கீ மாட்டாதீங்க. பத்து நிமிஷம் நில்லுங்க, மூச்சு சீராகட்டும், கைடு காத்த பாக்கட்டும். முதல் ரன் எல்லைக்குள்ள, கோண்டோலா கம்பத்துக்கு ஒட்டின பவுல்ல. இது சூடேத்தற ரன் மட்டும் இல்ல, தகவல் எடுக்கற ரன்: ஸ்கீ எவ்வளவு ஆழம் போகுது, கெட்டித் தட்டு இருக்கா, ஸ்கீ முனைல இருந்து விரிசல் ஓடுதா. காலுக்கு அடியில "வும்"னு மூச்சு விடற மாதிரி ஒரு சத்தம் கேட்டா, அடியில பலவீனமான லேயர் அமுங்கிடுச்சுன்னு அர்த்தம், அன்னிக்கு எல்லைக்கு வெளிய போறது முடிஞ்சு போச்சு, விவாதமே வேண்டாம்.

மரம் இல்லாத மேல் பகுதியில மேகம் இறங்கினா தரை எது வானம் எதுன்னு தெரியாது. அப்ப கோண்டோலா கம்பங்களை விட்டு விலகாதீங்க.

9. எல்லை தாண்டும்போது

பவுல் ரன் நல்லா இருந்துச்சு, அறிக்கை 1 இல்ல 2, கைடு ஒத்துக்கறார், எல்லாருக்கும் தெம்பு இருக்கு, இந்த நாலும் சேர்ந்தா மட்டும் அடுத்தது.

பலகையா பேத்துக்கிட்டு வர்ற பனிச்சரிவு பெரும்பாலும் 30ல இருந்து 45 டிகிரி சரிவுல கிளம்பும், ஸ்கீ பண்ண ஆசையா இருக்கற சரிவும் அதேதான். ஸ்டிக்க சரிவு மேல படுக்க வச்சு போன்ல இருக்கற கோணம் அளக்கற ஆப்பால அளந்து பாருங்க, கண்ணு எப்பவும் குறைச்சுத்தான் சொல்லும்.

ஒரு நேரத்துல ஒருத்தர். மத்தவங்க எல்லாம் பாதுகாப்பான இடத்துல நின்னு அவரையே பாக்கணும், போட்டோ எடுக்கற சாக்குல கண்ணை எடுக்கக் கூடாது. ஒருத்தர் மாட்டினா தோண்ட மூணு பேர் இருக்கணும், மூணு பேரும் சேர்ந்து மாட்டிட்டா தோண்ட ஆள் இல்ல, அவ்வளவுதான் கணக்கு. நிக்கற இடம் மேடு, ரிட்ஜ், இல்ல சரிவுக்குப் பக்கவாட்டுல. பள்ளத்துல நிக்காதீங்க, கொஞ்சம் பனி வந்தாலும் பள்ளத்துல ஆழமா சேரும். ஹபத்குட்டுன்னா காஷ்மீரில கரடிப் பள்ளம்னு அர்த்தம் வரும், பேர்லயே பள்ளம் இருக்கு.

ஸ்டிக் வார்ல கைய விட்டுக்காதீங்க, பனி இழுத்தா ஸ்டிக் நங்கூரம் மாதிரி கீழ இழுக்கும்.

இன்னொன்னு, மலைக்குப் பின் பக்கம் போகவே கூடாது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு பக்கம், ராணுவ நிலைகள் இருக்கு. மேல நின்னு கேமராவ அந்தப் பக்கம் திருப்பவும் வேண்டாம்.

10. காடும் வெளிய வர்ற வழியும்

மேல பாதி நல்லா இறங்கிட்டு கீழ தொலைஞ்சு போறவங்க உண்டு. காடு வழியா பாபாரேஷி பக்கம் வந்தா ஊருக்கு ஜீப் பிடிச்சுக்கலாம். இன்னும் கீழ டிராங், டங்மார்க் வரைக்கும் போனா இறக்கம் 1,700 மீட்டருக்கு மேல ஆகும், ஆனா அடில பனி கம்மி, பாறை, ஓடை, வேலி எல்லாம் வரும். டிராங்கோட உறைஞ்ச அருவி பாக்க டூரிஸ்ட் வண்டி வரும், ஆனா உங்களுக்காக ஒண்ணும் காத்திருக்காது. எங்க முடிக்கப் போறீங்கன்னு மேல ஏறும்போதே முடிவு பண்ணி ஜீப்காரர்கிட்ட நேரம் சொல்லிடுங்க.

மதியம் ரெண்டு மணிக்கு மேல புது வழில இறங்க ஆரம்பிக்காதீங்க. குளிர்காலத்துல காட்டுக்குள்ள சீக்கிரமே இருட்டும், ஒருத்தர் ஸ்கீ கழண்டு பவுடர்ல தொலைஞ்சா தேடவே ஒரு மணி நேரம் போயிடும்.

பெரிய மரத்தோட அடியில கிளைக்குக் கீழ பனி நிரம்பாத குழி இருக்கும். தலைகீழா விழுந்தா தனியா வெளிய வர முடியாது. காட்டுல ரெண்டு ரெண்டு பேரா, சத்தம் கேக்கற தூரத்துல இறங்குங்க, இருபது வினாடிக்கு ஒரு தடவை குரல் கொடுங்க.

11. பனி ஓடிடுச்சுன்னா

கடைசியா ஆள் எங்க தெரிஞ்சாரோ அந்த இடத்துல கண்ணை வைங்க. மேல இன்னொரு தடவை ஓடுமான்னு ஒருத்தர் பாக்கணும். எல்லாரும் பீக்கனை தேடற நிலைக்கு மாத்தணும், ஒருத்தர் மறந்து அனுப்பற நிலையிலயே விட்டா எல்லாரும் அவரைத்தான் கண்டுபிடிப்பாங்க. ஆள் ரெண்டு பேருக்கு மேல இருந்தா ஒருத்தர் பேட்ரோலுக்கு வாக்கி டாக்கில சொல்லட்டும், மத்தவங்க தேட ஆரம்பிக்கணும். உதவிக்கு ஆளைக் கீழ அனுப்பிட்டு நிக்காதீங்க. முகம் கிடைச்சதும் முதல்ல வாயில மூக்குல இருக்கற பனிய எடுத்து மூச்சு பாருங்க, கால தோண்டறது அப்புறம்.

12. திரும்பி வந்ததும்

பீக்கனை ஜீப்ல ஏறி உக்காந்த அப்புறம் அணைங்க, கடைசி சமதளம் வந்துடுச்சுன்னு நடுவுலயே அணைக்காதீங்க, ரோட்டுக்கு மேல இருக்கற சரிவுகள்லயும் பனி இருக்கு. ரூமுக்கு வந்ததும் பேட்டரி சதவீதத்தப் பாத்து 60க்குக் கீழன்னா புதுசு போடுங்க, காலைல மறந்துடும்.

கைடோட அஞ்சு நிமிஷம் உக்காந்து எங்க விரிசல் பாத்தோம், எங்க சத்தம் கேட்டுச்சுன்னு பேசி, பேட்ரோல்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க, நாளைக்கு அவங்க போடற அறிக்கைக்கு அது உதவும்.

பூட் லைனரை வெளிய எடுத்துக் காய வைங்க. ரூம்ல விறகு எரிக்கற புகாரி அடுப்பு இருக்கும், அது பக்கத்துலயே சாத்தி வச்சீங்கன்னா லைனர் சூட்டுல உருமாறிப் போகும், ஒரு ஆள் நீளமாவது தள்ளி வைங்க.